டல்கோனா அடித்தால் நடுவில் ஒரு கோழி: கொரிய விசைப்பலகை பற்றிச் சில குறிப்புகள்

கம்ப்யூட்டரில் கொரியன் டைப் செய்வது எப்படி என்று தேடினால் வரும் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. செட்டிங்ஸுக்குப் போங்கள், மொழியைச் சேருங்கள், விசையைத் தட்டுங்கள், முடிந்தது. நாடகம் பார்த்துக் கொரிய மொழி பழக ஆரம்பித்தவர்கள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் என்று நம்மூரிலும் இதைத் தேடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த நாலு வரி போதும்தான்.

ஆனால் அந்த வழியில் ஓரிடத்தில் ஒரு பட்டியல் வரும்: 2 செட் கொரியன், 3 செட் கொரியன். எல்லாக் குறிப்புகளும் முதலாவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஏன் முதலாவது? இரண்டாவது எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது? யாரும் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவதைப் பற்றியது. கூடவே, கணினிக்கென்றே பிறந்த எழுத்து என்று ஹங்குலைப் புகழ்கிற பேச்சு எவ்வளவு தூரம் சரி என்பதையும் பார்க்கலாம். தமிழும் கொரியனும் அக்கா தங்கை, அப்பா அம்மா இரண்டிலும் ஒன்று என்ற கதைக்குள் நான் போகவில்லை. அதற்கு வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

முதலில் அமைக்கும் வேலை

அதை மட்டும் சட்டென்று முடித்துவிடுவோம். விண்டோஸில் செட்டிங்ஸ், நேரம் மற்றும் மொழி, அங்கே கொரியனைச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். மாறிய பிறகும் ஆங்கிலம்தான் விழும். இங்கேதான் பாதிப் பேர் அமைப்பு சரியாகவில்லை என்று நினைத்துக் கைவிடுகிறார்கள். கொரிய மென்பொருளுக்குள்ளேயே ஆங்கில நிலை, கொரிய நிலை என்று இரண்டு உண்டு. கீழே பணிப்பட்டையில் ஆங்கில 'ஏ' நிற்கும். பெரும்பாலான கணினிகளில் வலது ஆல்ட் விசையைத் தட்டினால் அது கொரிய 'கா' ஆகும். கொரியாவில் விற்கும் விசைப்பலகைகளில் இதற்கென்றே ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் தனி விசை இருக்கும். சீன எழுத்தாக மாற்ற இன்னொரு விசையும் இருக்கும்.

மேக்கில் கீபோர்டு அமைப்பில் இன்புட் சோர்ஸ் பகுதிக்குப் போனால் நாலைந்து கொரிய வகைகள் வரும். லினக்ஸில் ஐபஸ் அல்லது எஃப்சிடிக்ஸ் வைத்திருப்பவர்கள் அதற்கான ஹங்குல் பொதியை நிறுவினால் போதும். அவ்வளவுதான்.

ஆங்கில எழுத்து வழியாக வேண்டாம்

மேக்கில் ரோமன் எழுத்தில் அடித்தால் கொரியனாக மாற்றித்தரும் வகைகளும் உண்டு. 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தே பழகிய நமக்கு அது ரொம்ப இழுக்கும். என் கருத்து: அந்தப் பக்கம் போகாதீர்கள்.

காரணம் எளிது. கொரிய மொழியில் 'ஒ' போல் ஒலிக்கும் உயிர்கள் இரண்டு. ஒன்றை ரோமனில் ஒற்றை எழுத்தால் எழுதுவார்கள், மற்றதை இ, ஓ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். அந்த இரண்டெழுத்தைத் தனித்தனியாகப் படித்ததால்தான் நம் பத்திரிகைகளில் தலைநகரின் பெயர் 'சியோல்' ஆகிவிட்டது. கொரியர் வாயில் அது 'சொ-உல்' என்பதற்குத்தான் நெருக்கம். நடுவில் ஆங்கிலம் நின்றால் இப்படித்தான் ஒலி திரியும். தமிழ் நமக்குப் பிறவி மொழி, ஆங்கில எழுத்தில் அடித்தாலும் சரியான ஒலி தலைக்குள் இருக்கும். புதிதாகக் கற்கும் மொழிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

2 செட் என்றால் என்ன

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஹங்குலை மன்னர் செஜோங் 1443ல் உருவாக்கி 1446ல் வெளியிட்டார். எழுத்துகளைத் தனித்தனியாக வரிசையில் நிறுத்தாமல், ஓர் அசைக்கு ஒரு கட்டம் என்று கூட்டி எழுதுவார்கள். கட்டத்துக்குள் மூன்று இடங்கள்: முதலில் ஒரு மெய், நடுவில் ஓர் உயிர், கடைசியில் தேவைப்பட்டால் இன்னொரு மெய். 'கா' என்றால் இரண்டு இடம் நிரம்பும், 'கான்' என்றால் மூன்றும் நிரம்பும். உயிரில் தொடங்கும் அசைக்கும் முதல் இடத்தில் ஒலியில்லாத ஒரு வட்டம் போட்டாக வேண்டும்.

கொரியன் மொழியில் 'துபொல்சிக்' என்றால் இரண்டு செட் முறை. 'பொல்' என்பது உடுப்பை எண்ணும்போது சொல்கிற சொல். நாம் இரண்டு செட் துணி என்கிறோமே, அதேதான். மெய்க்கு ஒரு செட், உயிருக்கு ஒரு செட். இடது கையில் மெய், வலது கையில் உயிர். 14 மெய்யும் 12 உயிரும் சேர்ந்தால் 26. ஆங்கில எழுத்து விசைகளும் 26! ஒரு விசைகூட மிச்சம் வைக்காமல், எண்களையும் நிறுத்தக்குறிகளையும் தொடாமல், அச்சாகப் பொருந்திவிடுகிறது. இரட்டை மெய்கள் ஐந்தும் இன்னும் இரண்டு உயிர்களும் ஷிப்டில். இந்த அழகான கணக்குதான் இதன் பெரிய பலம். ஒரே சாயங்காலத்தில் விசைகளை மனப்பாடம் செய்துவிடலாம், பயமே வேண்டாம்.

'செபொல்சிக்' என்றால் மூன்று செட். முதல் மெய்க்கு ஒரு செட், உயிருக்கு ஒரு செட், கடைசி மெய்க்குத் தனியாக இன்னொரு செட். 'நா' வில் வரும் நகரம் வலது கையில் ஒரு விசை, 'கான்' முடிவில் வரும் அதே மெய் இடது கையில் வேறொரு விசை. ஒரே எழுத்துக்கு எதற்கு இரண்டு விசை என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் திரையில்தான் இருக்கிறது.

பிசாசு வெளிச்சம்

2018 வாக்கில் யாருக்கும் தெரியாத டல்கோனா, 2020 ஊரடங்கில் காபியாகவும் 2021ல் ஸ்க்விட் கேமில் மிட்டாயாகவும் வந்து நமக்கும் பழக்கமாகிவிட்டது. அந்தச் சொல்லை 2 செட்டில் அடித்துப் பாருங்கள். ஏழு தட்டல்கள்: ஆங்கில விசைக் கணக்கில் ஈ, கே, எஃப், ஆர், ஹெச், எஸ், கே.

முதல் இரண்டில் 'டா' வரும். மூன்றாவது லகரம், 'டல்' ஆகும். கொரிய மொழியில் அது நிலா. நாலாவது ககரம். அது அடுத்த அசையின் தொடக்கம் என்று உங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. லகரமும் ககரமும் சேர்ந்து அசையின் கடைசியில் நிற்கலாம் என்பது கொரிய எழுத்து விதி. ஆகவே அது ககரத்தையும் அதே கட்டத்துக்குள் திணித்துவிடும். இப்போது திரையில் இருப்பது கோழி! ஆமாம், கொரிய மொழியில் கோழிக்கு அதுதான் எழுத்து. ஐந்தாவதாக 'ஒ' விழுந்ததும் கணினி விழித்துக்கொண்டு, ககரத்தைப் பிடுங்கி அடுத்த கட்டத்தில் நட்டு, 'டல்-கொ' ஆக்கும். பிறகு நகரம் வந்து அந்தக் கட்டத்தில் 'கொன்' என்று ஒட்டும், கடைசி 'ஆ' வந்ததும் மறுபடி கழன்று 'னா' வாகும்.

இப்படி மெய்யெழுத்து ஒரு கட்டத்தில் தோன்றி அடுத்த கட்டத்துக்குத் தாவுவதற்குக் கொரியர்கள் வைத்திருக்கும் பெயர் 'தொக்கேபி புல்', அதாவது தொக்கேபியின் நெருப்பு. கோப்ளின் என்று நம்ம ஆட்கள் உருகி உருகிப் பார்த்த நாடகம் இருக்கிறதே, அதன் நாயகன்தான் தொக்கேபி. ராத்திரி வயல்வெளியில் ஓரிடத்தில் எரிந்து அணைந்து இன்னோரிடத்தில் எரியும் வெளிச்சத்தை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். நம் ஊரில் அதற்குப் பெயர் கொள்ளிவாய்ப் பிசாசு.

வேகமாக அடிப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, பழகிவிடும் என்பார்கள். எனக்கும் பழகிவிட்டது, அது உண்மைதான். ஆனால் தட்டத் தட்டவே விடை தேடும் தேடல் பெட்டிகளுக்குப் பழகுவதில்லை. டல்கோனா தேடுகிறவருக்கு நடுவில் கோழிக்கறி எட்டிப் பார்க்கும். அசை இன்னும் முடியவில்லை, அடுத்த தட்டலில் மாறலாம் என்ற அந்தரமான நிலையை நிரல் எழுதுபவர்கள் சரியாகக் கையாளாவிட்டால், என்டர் தட்டியதும் கடைசி அசை இரண்டு தடவை போகும், அல்லது காணாமல் போகும். கொரியப் பயனர்களுக்காக நிரல் எழுதும் யாரைக் கேட்டாலும் இந்தப் பிழையைச் சந்தித்த கதை ஒன்று இருக்கும். அசை எங்கே முடியும் என்ற சந்தேகம் இல்லாத 3 செட்டில் கட்டம் விட்டுக் கட்டம் தாவும் இந்த வேடிக்கை நடக்காது. முதல் மெய் விசையைத் தொட்டாலே புதிய கட்டம் என்று கணினிக்குத் தெரிந்துவிடும்.

கைகளின் பங்கும் சரியில்லை. எல்லா அசையும் மெய்யில் தொடங்கும், பல அசைகள் மெய்யில் முடியும். எல்லா மெய்யும் இடது கையில். போதாததற்கு 'யூ' என்ற உயிரை வலது கைக்கு எட்டாத பி விசையில் வைத்திருக்கிறார்கள். முறைப்படி பழகியவர்களுக்கு அதுவும் இடது சுட்டுவிரல் வேலை.

கண் டாக்டர் செய்த இயந்திரம்

3 செட்டைச் செய்தவர் கோங் பியொங்-உ. தொழிலால் கண் டாக்டர். 1949 வாக்கில் தன் ஹங்குல் தட்டச்சு இயந்திரத்தைச் செய்து முடித்தார். அசையின் மூன்று இடத்துக்கு மூன்று செட் விசை, அவ்வளவுதான் யோசனை. வேகமாக அடிக்கலாம். ஆனால் எழுத்தின் அழகு போய்விட்டது. கைக்கெழுத்திலும் அச்சிலும் ஒவ்வொரு அசையும் சதுரமாக இருக்கும். கடைசி மெய் இருந்தால் மற்றவை கொஞ்சம் குறுகி இடம் விடும். கோங்கின் இயந்திரத்தில் எழுத்துகள் குறுகவில்லை. மேல்பக்கம் ஒரே நேராக நின்றது, கீழே சில நீளம், சில குட்டை. கொடியில் காயப்போட்ட துணி மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார்கள். அந்த எழுத்துருவுக்குக் கொரிய மொழியில் அதுவே பெயராகிவிட்டது.

1969ல் தென்கொரிய அரசு தரம் அறிவித்தது. தட்டச்சு இயந்திரத்துக்கு 4 செட்: உயிரை மட்டும் நீளம், குட்டை என்று இரண்டு வகையாகப் பிரித்துச் சதுர அழகைக் கொஞ்சம் காப்பாற்றினார்கள், வேகத்தை விட்டுக்கொடுத்தார்கள். டெலிடைப்புக்கு 2 செட். 1982ல் கணினி விசைப்பலகைக்குத் தரம் வந்தபோது அந்த 2 செட் வழிதான் நிலைத்தது. கோங் கடைசிவரை இதை ஏற்கவில்லை. 1988ல் ஹங்குல் பண்பாட்டு மையம் ஒன்றைத் தொடங்கினார். பிறகு கொரியாவில் புகழ்பெற்ற ஹங்குல் சொற்செயலியைச் செய்த இளைஞர்களுக்கு அங்கே இடம் கொடுத்தார். எண்பது வயதுக்கு மேல் கணினிக்கேற்ற 3 செட் அமைப்புகளைத் திருத்தித் திருத்தி வெளியிட்டார். 1995ல் இறந்தபோது தன் உடலை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். இன்று விண்டோஸிலும் மேக்கிலும் அந்தப் பட்டியலின் இரண்டாவது வரியில் உட்கார்ந்திருப்பது இந்த மனிதரின் வேலைதான்.

இதில் எனக்கு உறுத்துவது இது. கட்டத்துக்குள் எழுத்தைச் சுருக்கி அழகாக வைக்கும் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டதுமே, 3 செட்டுக்கு எதிரான கொடித்துணிப் புகார் செத்துவிட்டது. எந்த விசையில் அடித்தாலும் திரையில் ஒரே சதுரம்தான். வழக்கை மறுபடி விசாரிக்க நல்ல சமயம் அது. விசாரிக்கவில்லை. குறைந்த விசைகளோடு ஓட வேண்டிய தந்தி இயந்திரத்துக்குச் செய்த சமாதானம், நூற்றுக்கும் மேற்பட்ட விசைகள் உள்ள கணினிக்கும் விதியாகிவிட்டது.

மறுபக்கமும் இருக்கிறது

3 செட் ஆதரவாளர்கள் பேச ஆரம்பித்தால் செஜோங்கைத் துணைக்கு அழைப்பார்கள். அசையை மூன்றாகப் பிரித்துப் பார்த்ததுதான் அவருடைய கண்டுபிடிப்பு, ஆகவே 3 செட்தான் ஹங்குலின் இயல்பு என்பார்கள். பாதி சரி. ஆனால் கடைசி மெய்க்கென்று செஜோங் தனி எழுத்து படைக்கவில்லை. முதல் மெய்யின் எழுத்துகளையே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் 1446 நூல் விதிக்கிறது. 2 செட்காரர்கள் அதே நூலைக் காட்டி, ஒரே எழுத்துக்கு ஒரே விசைதானே நியாயம் என்று கேட்கலாம். மன்னர் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்கிறார். ஆகவே இந்தச் சண்டையை நூலால் தீர்க்க முடியாது, விரலால்தான் தீர்க்கணும்.

விரல் சொல்வது என்ன? கோங்கின் கடைசி வடிவத்தில் எழுத்துகள் எண் வரிசையிலும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எண்களுக்கு ஷிப்ட் வேண்டும், நிறுத்தக்குறிகள் இடம் மாறிக் கிடக்கும். தேதியும் விலையும் நிறைந்த ஒரு கடிதத்தை அதில் அடித்துப் பாருங்கள், வேகம் எங்கே போனதென்று தேட வேண்டியிருக்கும். கூட்டு மெய்களுக்கான விசைகளை நினைவு வைப்பதும் சுலபமில்லை. 2 செட் ஒரு சாயங்காலம் என்றால், இது சில வாரம். வெறும் கொரிய உரைநடைக்கு மட்டும் கை வலம், நடு, இடம் என்று தாளம்போல் போகும். அந்தச் சுகம் உண்மை. அதற்குக் கொடுக்கும் விலையும் உண்மை.

சேமிப்பில் மூன்று, விசையில் இரண்டு

கணினிக்கென்றே பிறந்த எழுத்து என்ற புகழுரைக்கு வருகிறேன். இன்றைய ஹங்குலில் முதல் மெய் 19, உயிர் 21, கடைசி மெய் 27, அது இல்லாமல் இருப்பது ஒன்று, ஆக 28. பெருக்கினால் 11,172 அசைகள். கணினிக்கு இது சும்மா கிடைக்கவில்லை. 1987ல் வந்த கொரியத் தரக் குறியீட்டில் இடம் கிடைத்தது 2,350 அசைகளுக்கு மட்டுமே. ஐந்தில் ஒரு பங்குதான். 1990ல் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடரின் தலைப்பில் முதல் அசை 'த்தொம்'. அது அந்தப் பட்டியலில் இல்லை! எல்லாவற்றையும் எழுதவல்ல எழுத்து என்று பெருமைப்பட்ட நாட்டில், ஒரு தொடரின் பெயரைத் தரப்படி அடிக்க முடியவில்லை.

1996ல் யூனிகோடு 2.0 வந்தபோது 11,172க்கும் புதிய இடம் ஒதுக்கினார்கள். முந்தைய பதிப்பில் இருந்த அசைகளைப் பழைய இடத்திலிருந்து தூக்கிவிட்டுத்தான் இதைச் செய்தார்கள். பட்ட பாட்டில், இனி எந்த எழுத்தையும் இடம் மாற்ற மாட்டோம் என்று யூனிகோடு அமைப்பு கொள்கையே வகுத்துக்கொண்டது. புதிய ஏற்பாட்டில் ஒரு நேர்த்தி உண்டு. முதல் மெய்யின் எண்ணை 21ஆல் பெருக்கி, உயிரின் எண்ணைக் கூட்டி, அதை 28ஆல் பெருக்கி, கடைசி மெய்யின் எண்ணைக் கூட்டினால் அசையின் இருப்பிடம் வந்துவிடும். அதாவது கணினியின் வயிற்றுக்குள் ஹங்குல் மூன்று பகுதியாகத்தான் இருக்கிறது. விசைப்பலகையில்தான் இரண்டு. இடையில் நிற்கும் மென்பொருள் ஊகித்து ஊகித்து அந்த மூன்றை மீட்கிறது. நாம் பார்க்கும் பிசாசு வெளிச்சம் அந்த ஊகத்தின் வெளிச்சம்தான்.

ஆகவே புகழுரையைக் கொஞ்சம் திருத்த வேண்டும். ஹங்குல் கணினிக்கு வசதியான எழுத்துதான்; ஆனால் அந்த வசதியைக் கணினிகள் தாமாகக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ சண்டை போட்டுத்தான் வாங்கினார்கள்.

நமக்கு இதில் என்ன

இந்த 11,172 கணக்கைத் தமிழ்க் கணினி வட்டாரத்தில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். கொரியனுக்கு அத்தனை கொடுத்தார்கள், நம் 247க்குக் கொடுக்கவில்லையே என்ற ஆதங்கம். அந்த வழக்கு தனிக் கட்டுரைக்குரியது. எனக்கு முக்கியமாகப் படுவது விசைப்பலகைதான். 1999ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99, துபொல்சிக்கின் கண்ணாடி பிம்பம் மாதிரி: இடது கையில் உயிர், வலது கையில் மெய். ககரத்தை இரண்டு தடவை தட்டினால் புள்ளியைத் தானே வைக்கும். வடிவமைப்பாகப் பார்த்தால் துபொல்சிக்கைவிட நம்முடையது யோசித்துச் செய்தது என்றே சொல்வேன். ஆனால் கொரியாவில் விற்கும் விசைப்பலகைகளில் துபொல்சிக் எழுத்துகள் அச்சிட்டே வருகின்றன. சின்னப் பிள்ளையும் அதில்தான் தன் பெயரை அடிக்கிறது. தமிழ்99 எழுத்து பொறித்த விசைப்பலகையை நீங்கள் கடைசியாக எந்தக் கடையில் பார்த்தீர்கள்?

இதனால்தான் என்னால் துபொல்சிக்கை முழுக்கத் திட்ட முடியவில்லை. அது சுமாரான வடிவமைப்பு. ஆனால் எல்லோரும் கற்ற சுமாரான ஒன்று, ஒரு நாட்டையே தன் எழுத்தில் அடிக்க வைத்திருக்கிறது. கொரியர்கள் ஆங்கில எழுத்தில் கொரியன் அடிப்பதில்லை. நாம் வாட்ஸப்பில் எப்படி அடிக்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே புதிதாகக் கற்பவர்களுக்கு என் யோசனை: 2 செட்டையே வையுங்கள். எந்த ஊர்க் கணினியிலும், எந்தப் போனிலும் அது இருக்கும். போனில் மட்டும் 'சொன்ஜிஇன்' என்ற முறையையும் ஒரு தடவை முயன்று பாருங்கள். வானம், பூமி, மனிதன் என்று புள்ளி, கிடைக்கோடு, நிற்கும் கோடு மூன்றே விசைகளில் எல்லா உயிர்களும் பிறக்கும். உயிர்களைச் செஜோங் அப்படித்தான் படைத்தார். பன்னிரண்டே விசைகள் இருந்த பழைய போன்தான் அந்தப் பழைய யோசனையைத் தேடிப் போனது.

கொரிய மொழியில் நிறைய எழுதப் போகிறவர்கள், இடது கை வலிக்கிறவர்கள், 3 செட்டுக்கு ஒரு மாதம் கொடுத்துப் பார்க்கலாம். மற்றவர்கள் அந்த இரண்டாவது வரியைத் தாண்டிப் போகும்போது, அங்கே ஒரு கண் டாக்டரின் நாற்பது வருட வாதம் இருக்கிறது, அதற்கு இன்னும் யாரும் முழுதாகப் பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போனால் போதும்.